ரப்பர்க்காய்

ஓட்டின் மேல் ஏதோ விழுந்து உருள்கிறது. ஆறு வயது ஜெபிஷா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். “ரப்பர்க்காய் வெடிச்சு விழுறதாக்கும் மக்களே, பேடிக்காம உறங்கு,” என்று சொல்லிக்கொண்டே அம்மா விஜிலா விளக்கை அணைக்கிறாள். வீட்டைச் சுற்றியுள்ள ரப்பர் மரங்களின் மேல் மழை விடாமல் இரைகிறது. அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சித்தப்பா கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து ராத்திரியானால் இந்தச் சத்தம்தான். மறுபடியும் ஒன்று விழுகிறது. இந்தமுறை ஓடு உடைந்து, காலடியில் மழைத்தண்ணீர் கொட்டுகிறது. இருட்டில் விஜிலாவின் விரல்கள் பாயைத் தடவி, ஈரமான கல் ஒன்றை எடுத்துத் தலையணைக்கடியில் ஒளிக்கின்றன. போர்வைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வருகிறது. “அம்மா, வெயிலடிச்சாத்தான் ரப்பர்க்காய் வெடிக்கும்னு சித்தப்பா சொல்லித் தந்தாரே.”