உள்ளங்கைச் சூடு

காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு பேச்சி வாசலில் நின்றாள். ஏலக்காய்த் தோட்டத்துக் குளிரில் வண்டி எஞ்சின் விறைத்துப் போயிருந்தது. அவள் கணவன் பால்பாண்டி சோக்கை இழுத்துவிட்டு, அரைமணி நேரம் கிக்கரை உதைத்த பிறகுதான் கிளம்பியது.

போடிமெட்டைத் தாண்டியதும் கேட்டான். "பாப்பா கை சில்லுன்னு இருக்கா?"

"மலைக்காத்துல்ல, அப்படித்தான் இருக்கும். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

வளைவுகளில் இறங்க இறங்கக் காற்று சூடானது. மலையடிவாரத்து முந்தலில் வண்டியை நிறுத்தி ஸ்வெட்டரைக் கழற்றியவன், குழந்தையைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான்.

"எழுப்பாதீங்க. கை சூடாயிருச்சு. இப்பத்தான் தூங்குறா."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போடி ஆஸ்பத்திரியில் அவளை இறக்கிவிட்டு அவன் வண்டியை நிறுத்தப் போனான். நர்ஸ் முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"எப்பம்மா மூச்சு நின்னுச்சு?"

"அவரு வண்டிய உதைச்சுக்கிட்டு இருந்தப்பவே, சிஸ்டர்."

வேர்க்க விறுவிறுக்க அவன் ஓடிவருவது தெரிந்தது. பேச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"அவருகிட்ட இப்பத்தான்னு சொல்லுங்க. வண்டி வெரசாக் கிளம்பலையேன்னு சாகுறவரைக்கும் மருகுவாரு."