நார்மல் ரத்தம்

குழி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளாகக் கூடாத குழி அது.

பரிசோதனைத் தட்டில் நோயாளிகளின் ரத்தம் விட்ட குழிகள் மஞ்சளாக வேண்டும். ஆரோக்கியமான ஆளின் ரத்தம் விட்ட குழி தண்ணீராகவே நிற்க வேண்டும். அதுதான் செல்வரூபி கண்டுபிடித்த பரிசோதனை.

அந்த ஆரோக்கியமான ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தவளுடையது.

ஒப்பிட்டுப் பார்க்க யாராவது ஒருவர் கை நீட்டுவது அந்த ஆய்வகத்து வழக்கம். இன்றைக்கு முறை வந்தவனுக்குக் காய்ச்சல். அவளே வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். பெருந்தன்மை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். ரூபி குழாயில் ‘நார்மல்’ என்று எழுதி ஒட்டினாள்.

ரத்தத்தை உறைய வைக்கிற தன் சொந்தத் தட்டணுக்களையே உடம்பு பகையென்று அழிக்கிற நோய். அதற்குத்தான் அவள் தன் வயதையெல்லாம் கொடுத்திருந்தாள். மற்ற நோய்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்ல வேண்டியிருந்த நோய். நேராகக் காட்டிக்கொடுக்கும் ஒரு பரிசோதனையைத் தேடித் தேடித் தலை நரைத்தது.

நேற்று வந்த ரூபிக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது குளிர்பெட்டியின் மேல்தட்டு முழுக்க ரூபியின் குழாய்கள். அவளுடையவை ஐஸ் கட்டும் மூலைக்குப் போய்விட்டன. அது போகட்டும். போன மாதம் வந்த விருந்தினர்களிடம் இயக்குநர், “நம்ம தட்டணு நிபுணர்” என்று கை காட்டினார். அவள் புன்னகையோடு ஓர் அடி முன்னால் வந்தாள்.

அவர் காட்டியது பின்னால் நின்ற ரூபியை.

ரூபி மறுபடி செய்து பார்த்தாள். மறுபடியும் மஞ்சள்.

நல்ல ஆளை நோயாளி என்று ஒருபோதும் சொல்லாது. அந்த ஒரு பெருமையை வைத்துத்தான் எல்லோரும் அந்தப் பரிசோதனையைக் கொண்டாடினார்கள். நாளைக்கு அதைப் பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது.

ரூபி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். வர வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லத்தான்.

போகிறவளைப் பார்க்க அவளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

பாவம் என்று சொல்லிப் பார்த்தாள். வாய்தான் சொன்னது.

இன்னும் ஒன்று பாக்கி. பின்னால் யாரும் அவள் ரத்தத்தின் மேல் பழி போட்டுவிடக் கூடாது. குழாயில் மிச்சமிருந்ததை எடுத்துப்போய், தட்டணுக்களை எண்ணும் மெஷினில் வைத்தாள்.

மிகக் குறைவாக வந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்தாள். இது பழைய கூத்து. சிலருடைய தட்டணுக்கள் குழாய்க்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒரு கும்பலையே ஒற்றை ஆளாக எண்ணிவிடும். புதிதாக வந்தவர்கள் அதில் ஏமாந்து, ஐயோ குறைந்துவிட்டது என்று அலறுவார்கள். அவளிடமா நடக்கும்?

ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்தாள். சாயம் ஏற்றினாள். கும்பலைத் தேடி மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தாள்.

கும்பல் இல்லை.

இங்கே ஒரு தட்டணு. வெகுதூரம் தள்ளி இன்னொன்று. நடுவில் வெறும் சிவப்பணுக்கள்.

ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனாள். கும்பல் இருந்தால் ஓரத்தில்தான் ஒதுங்கும். ஓரத்திலும் இல்லை.

குனிந்து புடவையை லேசாகத் தூக்கினாள். கணுக்காலைச் சுற்றி வேர்க்குரு மாதிரி சிவப்புப் புள்ளிகள். அழுத்திப் பார்த்தாள். மறையவில்லை. எத்தனையோ நோயாளிகளின் காலில் அவள் தேடித் தேடிப் பார்த்த புள்ளிகள். தன் காலை யார் பார்க்கிறார்கள்?

பரிசோதனை தப்பவில்லை. அவளுக்கே தெரியாததை அது கண்டுபிடித்திருந்தது.

பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. இதைச் சொன்னால் ரூபியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. எங்காவது வெளியூரில் காட்டி மருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ஸ்லைடைக் கழுவத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். பைப்பைத் திறந்தாள்.

பக்கத்து அறையில் ரூபி போனில் பேசுவது கேட்டது. “இல்ல சார், என் தப்புதான். மன்னிச்சிருங்க.” குரல் உடைந்திருந்தது.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கை நகரவில்லை. இத்தனை வருஷம் தேடிய பரிசோதனை அது. அடுத்தவள் பெற்ற பிள்ளைதான். அதற்காகக் கழுத்தை நெரிக்க முடியுமா?

பைப்பை மூடிவிட்டு, ஸ்லைடோடு போய்ப் பக்கத்து அறை வாசலில் நின்றாள்.

“போனை வை, ரூபி. டெஸ்ட் சரியாத்தான் இருக்கு. என் ரத்தந்தான் நார்மல் இல்ல.”

ரூபியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் சந்தோஷம் வர வேண்டும். கண நேரம் மின்னினாலும் போதும். காலமெல்லாம் நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருக்கலாம்.

ரூபி அந்த ஸ்லைடை வாங்கிப் பார்க்கவில்லை. மஞ்சள் குழி இருந்த பக்கம் திரும்பவில்லை. அவளைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். தானும் தரையில் உட்கார்ந்து அவள் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“எப்பருந்து மேம்? பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? யார்ட்டயாவது சொல்லிருக்கலாம்ல மேம்?”

கேட்டுக்கொண்டே அழுதாள். மேசைமேல் கிடந்த போன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது.

ரூபியின் இடத்தில் தான் இருந்திருந்தால் முதலில் எதைத் திரும்பிப் பார்த்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனை நாள் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. இப்போதுதான் வயிறு எரிந்தது.