சீனியர் அக்கா சொன்னால் சரி

"ரூம்ல கூட இருக்கறவ சிடுமூஞ்சியா இருந்தா என்னக்கா பண்றது?"

எதிர்முனையில் புரையேறும் சத்தம் கேட்டது.

"பார்க்கறதுக்கு முன்னாடியே ஏன் சிடுமூஞ்சின்னு முடிவு கட்டறே?" என்றாள் சீனியர் அக்கா. "அவளும் உன்னை நினைச்சு யார்கிட்டயாவது இதையேதான் புலம்பிட்டிருப்பா."

மிளகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது. சமையலறையில் அம்மா குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மிளகு என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். உருவம் அத்தனை பொடிசு, வாய் அத்தனை காரம். ஆனால் காரமெல்லாம் வீட்டுக்குள்தான். வெளியே போனால், பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்பதற்குக்கூட நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

பள்ளிக் கடைசித் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆசைப்பட்ட படிப்பே கிடைத்தது, ஆனால் எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில். கல்லூரிக் கடிதம் வந்த அன்றே, "நான் போகலை. இங்கயே எதையாவது படிச்சுக்கறேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். சொந்த மகளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா பேச்சுக்கே போகவில்லை. 'சந்தேகங்களுக்கு மூத்த மாணவியை அழைக்கலாம்' என்று கடிதத்தில் இருந்ததைப் படித்தார். கிரீஸ் அப்பிய விரலாலேயே கீழே இருந்த எண்ணை அழுத்தி, ஃபோனை மகளின் காதில் வைத்துவிட்டார்.

"அக்கா, நான் புதுசா சேரப் போறவ. ரூம் நம்பர் முப்பத்தொண்ணு. எனக்கு… எனக்கு வரவே பிடிக்கலைக்கா" என்று அந்த முதல் ஃபோனில் பேசியவள், அதற்கு மேல் முடியாமல் ஓவென்று அழுதாள்.

எதிர்முனையில் இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபோனை வைக்கவும் இல்லை. அழுது ஓய்ந்தபின், "நாளைக்கும் கூப்பிடு" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்தரைக்கு ஃபோன்தான்.

"ஹாஸ்டல்ல அழுகை வந்தா?"

"காலைல ஆறு மணிக்குள்ள பாத்ரூம்ல அழுது முடிச்சுடு. அப்புறம் வெளியில வாளியோட வரிசை நிக்குமாம்."

"தனியா சாப்பிட உக்கார கூச்சமா இருந்தா?"

"தட்டைத் தூக்கிட்டு முழிக்கறவ இன்னொருத்தி கண்டிப்பா இருப்பா. அவ பக்கத்துல போய் உக்காரு. பேச்சு தானா வரும்."

"கிளாஸ்ல ஒண்ணுமே புரியலைன்னா?"

"அது… நாளைக்குச் சொல்றேனே."

மறுநாள் பதில் தயாராக இருந்தது. "புரியலைன்னு கையைத் தூக்கு. நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. நாப்பது பேர் மனசுக்குள்ள உன்னை வாழ்த்துவாங்க."

மிளகு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல்.

"தொண்டை கிழிய நான் சொன்னதும் இதுதானேடி? நான் சொன்னா தொணதொணப்பு, அவ சொன்னா வேதவாக்கா?"

"நீ அம்மா. அவங்க அனுபவப்பட்டவங்க."

"அப்ப நான் நேத்துதான் பொறந்தேனா?"

"விடு. யார் சொன்னா என்ன, லிஃப்ட் நகர்ந்தா சரி" என்றார் அப்பா.

கிளம்புவதற்கு முந்தின நாள் மிளகு கேட்டாள். "நாளைக்கு வந்ததும் உங்களைப் பாக்க முடியுமாக்கா?"

"பாக்காம எங்க போயிடப் போறே?" என்றாள் அக்கா.

விடுதியில் மாடிப்படியோடு பெற்றோரை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரைத் தேற்றிய அம்மா, அங்கே அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிளகு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பெட்டியோடு ஏறினாள்.

முப்பத்தொன்றாம் அறை திறந்திருந்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, தலையணையை உறைக்குள் திணிக்க மல்லாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புத்தம்புது வாளி.

"வா. ஜன்னலோரக் கட்டில் உனக்கு" என்றாள் அவள்.

அந்தக் குரல்! மிளகின் கையிலிருந்து பெட்டி நழுவியது.

"அக்கா?"

"அக்காவும் இல்ல, சீனியரும் இல்ல. நானும் முதல் வருஷம்தான்." அந்தப் பெண் அசடு வழிந்தாள். "லெட்டர்ல மேல சீனியர் நம்பர், கீழ கூட இருக்கப் போறவளோட நம்பர். உங்க வீட்ல கீழே இருந்ததைப் போட்டுட்டீங்க. நீ அப்படி அழறப்போ, ஆள் மாறிப் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"அப்ப நீ சொன்னதெல்லாம்?"

"எங்க அத்தை ஹாஸ்டல்ல இருந்து நர்ஸுக்குப் படிச்சவங்க. அவங்க, எதிர்வீட்டு அண்ணன், பஸ்ல பக்கத்து சீட்டுல இருந்தவங்கன்னு ஒருத்தரையும் கேக்காம விடலை. உனக்குப் பதில் சொல்லணுமே!"

கோபப்படுவதா சிரிப்பதா என்று மிளகுக்குத் தெரியவில்லை. "உனக்குப் பயமாவே இல்லையா?"

அந்தப் பெண் தலையணையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நீ ஃபோன் பண்ணின அன்னிக்குக் காலைலதான், செத்தாலும் அந்தக் காலேஜுக்குப் போக மாட்டேன்னு எங்கம்மாகிட்ட அழுது தீர்த்திருந்தேன். சாயங்காலம் நீ அக்கான்னு கூப்பிட்டுட்டே… அப்புறம் எப்படி வராம இருக்கறது?"