கைமாறிய பொம்மை

அகதி முகாமுக்கு வந்து இறங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை கொடுக்கிற காலம் அது, என் செல்லங்களே. பிள்ளை செய்வதையெல்லாம் பார்த்துத் தானும் பழகிக்கொள்கிற பொம்மை. செந்தூரன் கைக்கு அது வந்தபோது அவனுக்கு நான்கு வயது. "சண்டை நடந்ததெல்லாம் இவனுக்கு ஞாபகமில்லை, சின்னப்பிள்ளைதானே" என்று அவன் அம்மா வசந்தமலர் டாக்டர்களிடம் சொல்லிவந்தாள். அவர்களும் தலையாட்டினார்கள்.

இப்போது அவனுக்குப் பதினேழு. இந்த ஊரிலேயே பிறந்த தங்கை ஆரபியிடம் பொம்மை கைமாறியிருந்தது.

அன்று அழைப்புமணி பழுது. பக்கத்து வீட்டுப் பெண் கதவைப் படபடவென்று தட்டினாள். திறக்கப்போன வசந்தமலர், விளையாடிக்கொண்டிருந்த ஆரபியைக் காணாமல் தேடினாள். பிள்ளை கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பொம்மை தன் பஞ்சுக் கையால் அவள் வாயைப் பொத்தியிருந்தது.

"ஐயோ, இதென்ன கூத்து! வெளிய வா பிள்ளை. செந்தூரன், வந்து பாரடா உன்ர பொம்மை செய்யிற வேலையை! நாளைக்கே கொண்டுபோய், பழகினதெல்லாத்தையும் அழிச்சுத் தரச் சொல்லோணும்."

ஆரபி பொம்மையின் கையை மெல்ல விலக்கினாள்.

"கத்தாதேங்கோ அம்மா. அண்ணாவும் இஞ்சதான் இருக்கிறார்."

வசந்தமலர் மண்டியிட்டுக் குனிந்தாள். சுவரோரம், நெடிய கால்களை மடக்கிக்கொண்டு அவள் மகன் கிடந்தான்.

கதவு மறுபடி அதிர்ந்தது. "மலரக்கா, புட்டு ஆறுது, திறவுங்கோ!"

ஆரபி கிசுகிசுத்தாள்: "எனக்குப் பொம்மைதான் வாயைப் பொத்துது அம்மா. அண்ணா தன்ர கையாலயே பொத்திக்கொண்டு கிடக்கிறார்."