ஒன்பதாவது கோடு

"சிவப்பு எங்கேம்மா போச்சு?"

பேராசிரியர் அற்புதசாமி கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார். இது மூன்றாவது தடவை. அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மட்டுவார்குழலி குடுவைக்குள் இருந்ததை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள்.

ஜீயபுரத்து வாழைத்தோட்ட மண்ணிலிருந்து அவள் பிரித்தெடுத்த பூஞ்சை அது. போன வருஷம் முழுக்கக் குடுவை குடுவையாகச் சிவப்புச் சாறு கொடுத்தது. அந்தச் சாறு ஒரு சொட்டு பட்டால் போதும், வாழையை வாட்டும் கிருமி அங்கேயே அடங்கிவிடும். அதை வைத்து அவள் டாக்டர் பட்டம் வாங்கிவிடுவாள் என்று ஸ்ரீரங்கத்தில் அவள் தெருவே பேசிக்கொண்டிருந்தது. இந்த ஜூலையிலிருந்து சிவப்பு நின்றுவிட்டது. பூஞ்சைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, வெள்ளை வெளேரென்று கொழுத்துப் பொங்கி நின்றது.

"இன்னும் பதினெட்டு நாள்ல யுனிவர்சிட்டியிலேருந்து உன் ஆராய்ச்சியச் சோதிக்க ரெண்டு பேர் வராங்க. அவங்க முன்னால சிவப்பைக் காட்டணும். இல்லேன்னா போன வருஷம் நீ சாயம் கலந்து காட்டினேன்னு சொல்லுவாங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "நீ கலக்கலையே?"

 "இல்லை சார்," என்று குழலி தன் ஆராய்ச்சி நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. 'டிசம்பர் 1979' என்று சீட்டு ஒட்டிய பழைய பூஞ்சை கொஞ்சம் ஐஸ் பெட்டியில் உறைந்து கிடந்தது. அதையும் இப்போதையதையும் அரைத்து, புரதங்களை ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் வைத்து ஓடவிட்டு, நீலச் சாயத்தில் ஊறப்போட்டால் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும். இரண்டு பக்கமும் கோடுகள் மொத்தமாக மாறியிருந்தால், வேறேதோ பூஞ்சை உள்ளே புகுந்து ஜீயபுரத்துப் பூஞ்சையைத் தீர்த்துக்கட்டிவிட்டது என்று அர்த்தம். அவள் நாலு வருஷ உழைப்பும் அத்தோடு சரி.

இரண்டு நாள் கரண்ட் காலை வாரிவிட்டது. மூன்றாம் நாள்தான் ஜெல் ஓடியது. மறுநாள் காலை முடிவைப் பார்க்கக் காலேஜுக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஜெல்லை விளக்குக்கு மேல் வைத்து இருவரும் குனிந்து எண்ணினார்கள். பழையதில் பதினான்கு கோடுகள். புதியதில் பதின்மூன்று. ஒன்பதாவது கோடு மட்டும் இல்லை.

"பூஞ்சை அதேதாம்மா," என்றார் பேராசிரியர். "சிவப்பு செய்யற புரதம் மட்டும் வேலைக்கு வரல. சிவப்பு இல்லாமலே அது நல்லா வாழும், ஏதாவது நெருக்கடி வந்தாத்தான் அதைச் செய்யவே ஆரம்பிக்கும். இந்த வருஷம் என்ன மாறிச்சு, அதைக் கண்டுபிடி."

எதுவுமே மாறவில்லையே. அதே குடுவை, அதே தண்ணீர். லிட்டருக்கு இருநூறு கிராம் உருளைக்கிழங்கு, இருபது கிராம் சீனி. நோட்டை நாலு முறை புரட்டிப் பார்த்தாயிற்று. அவர் வகுப்புக்குப் போனதும் குழலி மேஜையில் தலை வைத்து அழுதாள்.

கிழங்கு வேகவைத்து, சீனி போட்டுக் கரைத்துக் கொடுக்கும் அட்டெண்டர் சின்னையன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் மகள் ராசாத்திக்கு இந்த ஜூனில் கான்வென்டில் இடம் வாங்க நடையாய் நடந்தவள் குழலிதான். அன்றிலிருந்து அவருக்கு அவள் மேல் தனி மரியாதை.

"அழுவாதீங்கம்மா. எல்லாம் நான் செஞ்ச பாவம்."

குழலி நிமிர்ந்தாள்.

"போன வருஷம் ரேஷன்ல சீனியே கிடைக்கலைங்க. நீங்க எழுதிக் கொடுத்ததுல பாதியத்தான் இதுல போட்டேன். மீதி என் வீட்டுக்குப் போச்சு." அவர் தலை குனிந்தபடியே சொன்னார். "ராசாத்திக்கு நீங்க இடம் வாங்கிக் கொடுத்ததும் மனசு கேக்கல. ஜூன்லேருந்து ஒரு கரண்டி எடுக்கலம்மா, சத்தியமா முழுசா போடறேன். ஆனா பழைய பாவம் உங்க தலையில விடிஞ்சிருக்கு."

குழலி அலமாரியைப் பார்த்தாள். கொழுத்த வெள்ளைப் பூஞ்சை குடுவை குடுவையாகச் சுகமாக உட்கார்ந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், சீனி டப்பாவை எடுத்துவந்து சின்னையன் கையில் வைத்தாள்.

"அண்ணே, இதுக்குப் பசிச்சாத்தான் வேலை ஓடும் போலிருக்கு. இன்னையிலேருந்து பழையபடி பாதி சீனிய நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."