பாதாளத்தில் இறங்கினார்

"அந்த ஒரு வரிய எடுத்துருங்க டீச்சர். ரெண்டு சபையும் இன்னைக்கே ஒண்ணாயிரும்."

ராஜபாளையம் சபையின் செயலாளர் பெலிக்ஸ் அப்படிச் சொன்னதும், ஸ்ரீவில்லிபுத்தூர் சபை சார்பில் வந்திருந்த பரிபூரணம் டீச்சர் நிமிர்ந்தார்.

"எடுக்க முடியாது அய்யா."

பொதுவான இடமாக இருக்கட்டும் என்று செண்பகத்தோப்பு ஓடைக்கரைக்கு வந்திருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய மேகம் மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. பேச்சுகூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்புவரை ஒரே சபைதான். சிலுவையில் மரித்த இயேசு 'பாதாளத்தில் இறங்கினார்' என்று, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையில் வரும் வரி வேண்டாம் என்றது ஒரு பக்கம், வேண்டும் என்றது மறுபக்கம். சபை இரண்டானது. இப்போது இணைய எல்லாரும் தயார். இந்த வரிதான் பாக்கி.

"செத்துப் பாதாளத்துல கெடக்கவிய தீர்ப்பு முடிஞ்சவிய. அங்க அவருக்கு என்ன வேலை?" என்றார் பெலிக்ஸ்.

"அவரு எங்க போகணும், எங்க போகக்கூடாதுன்னு நாம யாரு சொல்ல?"

"வேதத்துல தெளிவா இல்லையே டீச்சர்."

பரிபூரணம் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ஒரு கனா வரும் அய்யா. அவரு ஒரு கெணத்துக்குள்ள எறங்குதாரு. கும்மிருட்டு. படி படியா எறங்கிக்கிட்டே இருக்காரு. அடியில ஈரத் தாவணியோட ஒரு பிள்ள நடுங்கிக்கிட்டு நிக்கா. 'பயப்படாத, வா'ங்காரு. அம்புட்டுதான். முழிச்சிருதேன்."

மேகம் இருவருக்கும் நடுவிலும் வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. இணைப்புத் தாளில் 'வரி இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் பெலிக்ஸ்.

"ஒங்க ஆளுக சும்மா விடுவாங்களா?"

"நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

பெலிக்ஸ் எழுந்துபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, எத்தனையோ கூட்டங்களில் ஒருமுறைகூடச் சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னார்.

"பரிபூரணம்... கனாவுலயாவது நம்ம பிரிஸ்கில்லா, 'அப்பா எங்க'ன்னு ஒன்ட்ட கேட்டாளா?"

'தானே உயிரை விட்டவளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை' என்று சொந்த மகளுக்கே கையெழுத்துப் போட்ட அந்த மனிதரின் பக்கத்தில், பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு அவர் மனைவி நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.