வலப்பக்கம்

வாசல் கேட் அருகில் போய் நின்று பார்த்தாள்.

இடப்பக்கம் கண்ணாடியாக மின்னியது. வலப்பக்கம் மங்கிக் கிடந்தது. பாதி முகத்துக்கு மட்டும் பவுடர் போட்ட மாதிரி நின்றது அந்தப் பழைய ஃபியட்.

நாளைக் காலை மகள் இதில் ஏறித்தான் கல்யாண மண்டபத்துக்குப் போகிறாள். அப்பா வண்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

அப்பா போய் எட்டு மாதம்.

முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காபி ஆனதும் புருஷனும் பெண்டாட்டியும் வண்டி தேய்க்க ஆளுக்கொரு துணி எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுகிற பக்கம் அவருக்கு. உட்காருகிற பக்கம் அவளுக்கு. பானெட்டின் நடுக்கோடுதான் எல்லை.

எல்லை வந்ததே சண்டையால்தான்.

அவள் நேராகத் தேய்ப்பாள், முன்னிருந்து பின்னாக, கோடு பிசகாமல். அவர் தோசை வார்க்கிற மாதிரி வட்டமாகத் தேய்ப்பார். கறுப்பு வண்டி வேறு. வெயில் பட்டால் அவர் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும்.

"ஏனுங்க, தேய்க்கச் சொன்னா கோலம் போட்டு வெச்சிருக்கீங்க."

சிரிப்பார். கடைசிவரை திருந்தவில்லை மனுஷன்.

இந்த எட்டு மாதமும் தன் பாதியை மட்டும்தான் அவள் மெருகேற்றினாள். அவர் பாதியைத் தூசி தட்டுவதோடு சரி. கேட்டவர்களிடம் கைவலி என்றாள்.

பொய்.

தேய்த்தால் அந்த வளையங்கள் போய்விடும். இந்த வீட்டில் அவர் கை மிச்சம் இருப்பது அங்கே மட்டும்தான்.

மகள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கையிலும் ஈர மருதாணி.

"கடையில விட்டா ஒரு மணி நேரத்துல பண்ணிக் குடுத்துருவாங்கம்மா."

"வேற ஆள் கை படவேண்டாம் கண்ணு. நீ உள்ள போ, கலைஞ்சிரும்."

மெழுகு டப்பாவைத் திறந்தாள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குக் குழி. துணியால் எடுங்கள் என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

தன் இரண்டு விரலை அதில் விட்டுப் பார்த்தாள். குழி பெரிதாக இருந்தது.

ஓட்டுகிற பக்கத்துக் கதவின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மத்தியான வெயிலில் வளையங்கள் துல்லியமாகத் தெரிந்தன.

துணியை வைத்து நேராக ஓர் இழுப்பு இழுத்தாள்.

துணி போன தடத்தில் வளையங்கள் அழிந்து, கறுப்பு பளபளத்தது.

துணியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். கையெல்லாம் மெழுகு. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.



பிறகு அந்தப் பளபளத்த இடத்திலேயே துணியை வைத்து மெல்லச் சுற்றினாள். பழக்கமில்லாத கை. முதல் வளையம் கோணலாக வந்தது. இரண்டாவதும்தான்.

கதவு முடிவதற்குள் கை படிந்துவிட்டது.

பின்கதவு. டிக்கி. திரும்பி வந்து முன்சக்கரத்தின் மேல்பக்கம். வெயில் சாய்ந்து வண்டிமேல் விழுந்தபோது ஒரு தடவை தள்ளி நின்று பார்த்தாள். மங்கல் போய்விட்டது. மின்னுகிற கறுப்பு முழுக்க வளையங்கள். எது அவருடையது, எது தன்னுடையது என்று சொல்லத் தெரியவில்லை.

பானெட் மட்டும் பாக்கி.

சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டே போனாள்.

நடுக்கோடு வந்தது.

கை நிற்கவில்லை.